2028 யூரோவுக்குக் கார்டிஃப் வருகிறீர்களா? இரவு பத்து மணியிலிருந்து திட்டம் போடுங்கள்

மதுரையிலிருந்து நீங்கள், மனைவி, பதினொரு வயது மகன் மூவரும் 2028 ஜூனில், ஐரோப்பிய நாட்டு அணிகள் மோதும் யூரோ கால்பந்துப் போட்டியில் ஓர் ஆட்டமாவது நேரில் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். மனதில் இருக்கும் ஊர் வேல்ஸின் தலைநகரான கார்டிஃப். லண்டனில் உறவினர் வீடு இருக்கிறது, அங்கே தங்கிக்கொண்டு ஆட்டத்தன்று மட்டும் கார்டிஃப் போய்த் திரும்பிவிடலாமா என்பதுதான் முக்கியக் கேள்வி. விசா, டிக்கெட், சாப்பாடு பற்றியும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் பதினைந்து வருடங்களாக இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறேன். முதலில் நியூபோர்ட், இப்போது கார்டிஃப். அதனால் முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கார்டிஃபைத் தேர்ந்தெடுத்தது மிக நல்ல யோசனை. லண்டனிலிருந்து போய்த் திரும்புவது வேண்டாம். ஆட்டத்தன்று இரவு கார்டிஃபில், அரங்கத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், ஓர் அறையைப் பிடியுங்கள். மற்ற எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பாருங்கள், இதில் மட்டும் பார்க்காதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். யூரோவில் இரவு ஆட்டம் என்றால் இங்கே எட்டு மணி வாக்கில் தொடங்கும். சாதாரணமாக முடிந்தாலே பத்து ஆகிவிடும். நாக் அவுட் சுற்றில் கூடுதல் நேரம், பெனால்டி என்று போனால் பத்தே முக்கால். எழுபதாயிரம் பேர் ஒரே நேரத்தில் வெளியே வருவார்கள். ரயில் நிலையம் ஐந்து நிமிட நடைதான். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தை நம்பித்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். பெரிய ஆட்ட நாட்களில் கார்டிஃப் சென்ட்ரல் நிலையத்துக்குள் நேராக நுழைய முடியாது. வெளியே திசைவாரியாக வரிசை கட்டி நிறுத்துவார்கள்: லண்டன், பிரிஸ்டல் பக்கம் ஒன்று, ஸ்வான்சி பக்கம் ஒன்று, மலைப்பள்ளத்தாக்கு ஊர்களுக்கு ஒன்று. வரிசை ஒழுங்காகத்தான் நகரும், தள்ளுமுள்ளு இருக்காது. ஆனால் நகர நேரம் எடுக்கும்.

2017 ஜூன் 3 அன்று சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் இங்கே நடந்தது. ரியல் மாட்ரிட் 4, யுவென்டஸ் 1. என்னிடம் டிக்கெட் இல்லை, ஊரில் இருந்த கூட்டத்தைப் பார்க்கவே போயிருந்தேன். அன்று நியூபோர்ட் திரும்ப, சாதாரணமாகப் பதினைந்து நிமிடப் பயணத்துக்கு, இரண்டரை மணி நேரம் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு தாத்தா தூங்கிவிட்ட பேரனைத் தோளில் போட்டபடி நின்றார். அவருக்கு இன்னும் லண்டன் போக வேண்டும். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அவர்தான்.

லண்டன் பாடிங்டனிலிருந்து கார்டிஃபுக்கு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள்தான். பகலில் அருமையான பயணம். 1886-இல் திறந்த செவர்ன் சுரங்கப்பாதை வழியாக, ஏழு கிலோமீட்டர் நீளம், ஆற்றுக்கு அடியில் போய் வேல்ஸுக்குள் வெளியே வருவீர்கள். பையன் மறக்க மாட்டான். ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் லண்டன் ரயிலை நம்பி ஒரு திட்டம் போடக் கூடாது. கூடுதல் ரயில் விடுவார்கள், சரி. பெனால்டியில் நான்காவது உதை அடிக்கப்போகும் நேரத்தில் நீங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எழுந்துவிட்டால், மதுரையிலிருந்து வந்ததற்கு என்ன பலன்?

இப்போது ஊரைப் பற்றி. இந்த யூரோ 24 அணிகள், 51 ஆட்டங்கள், எட்டு நகரங்களில் ஒன்பது அரங்கங்கள் என்று நடக்கிறது. லண்டனில் மட்டும் இரண்டு அரங்கங்கள். அவற்றோடு மான்செஸ்டர், லிவர்பூல், நியூகாசில், பர்மிங்காம், கிளாஸ்கோ, டப்ளின், கார்டிஃப். 2028 ஜூன் 9, வெள்ளிக்கிழமை, தொடக்க ஆட்டம் கார்டிஃபில்தான். ஒரு காலிறுதியும் இங்கே இருக்கிறது. இறுதி ஆட்டம் ஜூலை 9, லண்டனின் வெம்ப்ளி அரங்கத்தில்.

இத்தனை ஊர்களில் கார்டிஃபுக்கு உள்ள தனித்தன்மை, அரங்கம் ஊரின் நட்டநடுவில் இருப்பது. மதுரைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோயிலைச் சுற்றித் தெருக்கள் இருப்பதைப் போல இங்கே அரங்கத்தைச் சுற்றித் தெருக்கள். ஒரு பக்கம் டாஃப் ஆறு, ஒரு பக்கம் வெஸ்ட்கேட் தெரு, கொஞ்சம் நடந்தால் கோட்டை, இந்தப் பக்கம் ரயில் நிலையம். ஆட்டத்தன்று காலையிலேயே மையத் தெருக்களில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். தெரு முழுக்க மனிதர்கள் மட்டும். நகரத்துக்கு வெளியே வாகன நிறுத்தங்களுக்கு நடுவே கட்டிய அரங்கங்களில் இந்த அனுபவம் கிடைக்காது.

அரங்கம் 1999-இல் திறந்தது. சுமார் 74,000 பேர் உட்காரலாம். மேலே மூடித் திறக்கும் கூரை. நான்கு மூலையிலும் தொண்ணூறு மீட்டர் உயர வெள்ளைத் தூண்கள், ரயிலில் வரும்போதே தெரியும். வடக்குப் பக்கத்தில் மட்டும் இருக்கை வட்டம் மற்ற மூன்று பக்கங்களைப் போல முழுமையாக இருக்காது. பக்கத்திலேயே கார்டிஃப் ரக்பி மன்றத்தின் பழைய மைதானம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவர்கள் இடத்தைத் தொட முடியவில்லை. அந்தக் குறைக்கு உள்ளூரில் 'கிளான்மரின் இடைவெளி' என்று பெயர், அப்போது வேல்ஸ் ரக்பி சங்கத்தில் தலைமையில் இருந்தவரின் பெயரால். லண்டன் வெம்ப்ளியை இடித்துக் கட்டிய காலத்தில், 2001 முதல் 2006 வரை, இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டங்கள் ஆறும் இங்கேதான் நடந்தன. 2006-இல் லிவர்பூலின் ஸ்டீவன் ஜெரார்ட் கடைசி நேரத்தில் தூரத்திலிருந்து அடித்து 3-3 ஆக்கிய கோல் இந்தப் புல்லில்தான். பையனுக்கு அந்தக் காணொளியைக் காட்டிவிட்டுக் கூட்டி வாருங்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். ஊரில் 'கார்டிஃப் சிட்டி ஸ்டேடியம்' என்று இன்னொன்று இருக்கிறது, லெக்வித் பகுதியில், சுமார் 33,000 இருக்கைகள். வேல்ஸ் கால்பந்து அணி வழக்கமாக ஆடுவது அங்கே. யூரோ நடப்பது அங்கே இல்லை, நடு ஊரில் உள்ள பெரிய அரங்கத்தில். அதற்கு இப்போது ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கிறது, வரைபடத்தில் 'பிரின்சிபாலிட்டி' என்று தேடினால் வரும். யூரோவை நடத்தும் ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஇஎஃப்ஏ, தன் போட்டிகளில் விளம்பரதாரர் பெயரைப் போடாது. 2017-இல் 'வேல்ஸ் தேசிய அரங்கம்' என்றுதான் அச்சடித்தார்கள். இந்தக் கடைசி இரண்டு பெயர்களும் ஒரே அரங்கம்தான் என்று தெரியாமல் தவறான ஹோட்டலைப் பிடித்தவர்கள் உண்டு.

ஹோட்டல் விஷயத்துக்கு வருவோம், இதுதான் கடினமான பகுதி. கார்டிஃப் சின்ன ஊர், மக்கள்தொகை மூன்றரை லட்சத்துக்கு மேல். பெரிய ஆட்டம் வந்தால் அறைகள் தீர்ந்துவிடும், விலை பல மடங்கு ஏறும். தேதி உங்களுக்கு இப்போதே தெரியும் என்பதால், முன்பதிவு திறந்த உடனே, கட்டணமில்லாமல் ரத்து செய்யும் வசதியோடு பதிவு செய்யுங்கள். என் நண்பர் ஒருவர் ஒரு பெரிய ஆட்டத்துக்கு முன்கூட்டியே மலிவாக அறை பிடித்தார். தேதி உறுதியானதும் 'கணினிப் பிழை' என்று சொல்லி அந்த விடுதி பதிவை ரத்து செய்துவிட்டது. பிறகு அதே அறை மூன்று மடங்கு விலையில் வந்தது. ஆகவே ஒன்றுக்கு இரண்டாகப் பதிவு வைத்துக்கொள்வதில் தப்பில்லை. மே மாதத்தில் ஒன்றை விட்டுவிடுங்கள்.

நடு ஊரில் கிடைக்கவில்லை என்றால், கான்டன், பாண்ட்கன்னா, கேத்தேஸ், ரோத் ஆகிய பகுதிகளில் தேடுங்கள். அங்கிருந்தெல்லாம் இருபது முதல் நாற்பது நிமிடத்தில் நடந்தே போகலாம், இரவிலும் கூட்டத்தோடு நடப்பதால் பயமில்லை. பெனார்த் அதற்கு அடுத்தது. நியூபோர்ட்டும் பிரிஸ்டலும் கடைசித் தேர்வாகவே இருக்கட்டும், மேலே சொன்ன வரிசை அங்கே போகிறவர்களுக்கும் உண்டு. கல்லூரி விடுதி அறைகளையும் பாருங்கள். ஜூனில் மாணவர்கள் ஊருக்குப் போகத் தொடங்குவார்கள், சில விடுதிகள் அறைகளைக் கோடை வாடகைக்கு விடுவதுண்டு.

டிக்கெட்டைப் பொறுத்தவரை ஒரே வழிதான்: யூஇஎஃப்ஏவின் சொந்த இணையதளம். 2024 ஜெர்மனி யூரோவுக்கு, எந்த அணி எங்கே ஆடும் என்று தெரிவதற்கு முன்பே விண்ணப்பம் வாங்கிக் குலுக்கல் போட்டார்கள். பிறகு அணிகளின் ரசிகர்களுக்குத் தனியாக, அப்புறம் வேண்டாதவர்கள் திருப்பிக் கொடுத்ததை மறுவிற்பனையாக. அப்போது குழு ஆட்டங்களில் குறைந்த விலை 30 யூரோ, தொடக்க ஆட்டத்துக்கு அதைவிட அதிகம். என் யோசனை: தொடக்க ஆட்டத்தையே குறி வைக்காதீர்கள். உலகமே அதற்கு விண்ணப்பிக்கும். கார்டிஃபின் குழு ஆட்டங்களில், பெரிய பெயர் இல்லாத இரண்டு அணிகள் மோதுவதற்கும் சேர்த்து விண்ணப்பியுங்கள். சின்ன நாடுகளின் ரசிகர்கள் முழு ஊரையே கிளப்பிக்கொண்டு வருவார்கள். அரங்கத்தில் பாட்டும் சத்தமும் அவர்களிடம்தான் அதிகம். இடைத்தரகர் தளங்களில் வாங்கவே வாங்காதீர்கள். டிக்கெட் செல்பேசிச் செயலியில் வருவதால், அனுப்பாமல் ஏமாற்றினால் வாசலில் நின்று ஒன்றும் செய்ய முடியாது. இருக்கை கிடைத்தால் உயர் அடுக்கா என்று பாருங்கள். அங்கே படிகள் செங்குத்து. ஆட்டம் முழுதாகத் தெரியும், ஆனால் முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிரமம்.

விசாவில் மூன்று விஷயங்கள். ஷெங்கன் விசா இங்கே செல்லாது, பிரிட்டனுக்குத் தனி விசா வேண்டும், பையனுக்கும் சேர்த்து. பயணத்துக்கு மூன்று மாதத்துக்கு முன்புதான் விண்ணப்பிக்கவே முடியும். வழக்கமாக மூன்று வாரத்தில் முடிவு வரும் என்றாலும், ஜூன் 9-க்கு வருவதென்றால் மார்ச் நடுவிலேயே கொடுத்துவிடுங்கள். அடுத்து, டப்ளின் ஆட்டமும் பார்க்க ஆசை என்றால் அயர்லாந்து வேறு நாடு. ஆனால் இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குப் பிரிட்டன்-அயர்லாந்து கூட்டு ஏற்பாடு ஒன்று இருக்கிறது. விசாவில் அதற்கான குறிப்பு இருந்தால் ஒரே விசாவில் இரண்டு நாட்டுக்கும் போகலாம், விசா கொடுத்த நாட்டில் முதலில் இறங்க வேண்டும் என்பது நிபந்தனை. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இந்த ஏற்பாடு இல்லை. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வரும் உறவினர்களுக்கு விசா தேவையில்லை, இணையத்தில் எடுக்கும் முன்னனுமதி போதும். கடைசியாக, குலுக்கலில் டிக்கெட் கிடைத்தது என்பதற்காக விசா கிடைத்துவிடாது. வேலை, வருமானம், திரும்பிப் போவதற்கான காரணம், இவற்றைத்தான் பார்ப்பார்கள். பள்ளி திறக்கும் காலம் என்பதால் பையனின் பள்ளியிலிருந்து விடுப்புக் கடிதம் ஒன்றும் வாங்கி வையுங்கள்.

ஹீத்ரோவில் இறங்கினால் லண்டன் நகருக்குள்ளேயே போக வேண்டியதில்லை. விமான நிலையத்திலிருந்து ரெடிங் ஊருக்கு நேரடிப் பேருந்து உண்டு, அங்கிருந்து கார்டிஃபுக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம். கார்டிஃபுக்கே நேராகப் போகும் பேருந்தும் இருக்கிறது, மெதுவாகப் போகும், ஆனால் பெட்டிகளோடு ஏறி இறங்கும் தொல்லை இல்லை. ரயில் டிக்கெட்டை இரண்டு மூன்று மாதங்களுக்கு முன் எடுத்தால் விலை பாதிக்கும் கீழே கிடைக்கும். உறவினர் வீட்டுக்கு ஆட்டம் முடிந்த மறுநாள் மதியம் போய்ச் சேருங்கள்.

சாப்பாடு. நீங்கள் சைவம் என்று எழுதியிருப்பதால் இதைச் சொல்ல வேண்டும். கோட்டைக்கு எதிரே, மையத் தெருக்களுக்குள் பழைய கண்ணாடிக் கூரை வணிக வளாகங்கள் பல இருக்கின்றன. பக்கத்திலேயே 1891-இல் தொடங்கிய கார்டிஃப் மார்க்கெட். அங்கே தோசைக்கல் போன்ற ஒரு கல்லில் வெல்ஷ் கேக் சுடுவார்கள், திராட்சை போட்டது, வாசனை ஆளை இழுக்கும். அதில் முட்டை உண்டு. சில கடைகளில் பழைய முறைப்படி பன்றிக் கொழுப்பும் சேர்ப்பார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். உருளைக்கிழங்கு வறுவலையும் சில கடைகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். 'கிளமோர்கன் சாசேஜ்' என்று பெயரைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள், அதில் இறைச்சியே கிடையாது. சீஸும் லீக் என்ற வெங்காயத்தாள் போன்ற கீரைத்தண்டும் ரொட்டித்தூளும் சேர்த்து உருட்டியது, முட்டை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சோறு வேண்டும் என்றால் சிட்டி ரோடு, கௌபிரிட்ஜ் ரோடு கிழக்கு, இந்த இரண்டு தெருக்களுக்குப் போங்கள். இந்திய, அரபு, துருக்கி உணவகங்கள் வரிசையாக இருக்கும். ஆட்டத்தன்று மாலை ஐந்துக்கு மேல் நடு ஊரில் உட்கார்ந்து சாப்பிட இடம் கிடைக்காது. மதியமே வயிறார முடித்துவிடுங்கள்.

அரங்கத்துக்குள் பெரிய பை விடமாட்டார்கள். 2024-இல் ஏ4 தாள் அளவுக்கு மேல் அனுமதி இல்லை. பெட்டியை ஹோட்டலில் வைத்துவிட்டு, செல்பேசிக்கு மின்சேமிப்பானோடு போங்கள், டிக்கெட் அதில்தானே இருக்கிறது. ஜூனில் ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், ஆனால் கார்டிஃப் பிரிட்டனில் மழை அதிகம் பெய்யும் நகரங்களில் ஒன்று. கூரை மூடினாலும் வரிசையில் நிற்கும்போது மேலே வானம்தான். குடை வேண்டாம், மழைச்சட்டை போதும்.

இன்னொன்று, இதை மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். இங்கே யாரிடமும் 'இங்கிலாந்து வந்திருக்கிறோம்' என்று சொல்லிவிடாதீர்கள். இது வேல்ஸ். அவர்கள் மொழியில் கம்ரி, ஊரின் பெயர் கைர்தீத். பலகை எல்லாம் இரண்டு மொழியில் இருக்கும். சாலையில் 'அராவ்' என்று எழுதியிருந்தால் மெதுவாகப் போ என்று பொருள். பள்ளியில் வெல்ஷ் பேசினால் தண்டித்த காலத்தையும் தாண்டி, போராடிச் சட்டம் வாங்கி, அந்த மொழியை மீட்டிருக்கிறார்கள். தமிழர்களுக்கு இந்த உணர்வு புரியும். கடையில் பொருள் வாங்கிவிட்டு 'தியோல்ஹ்' என்று நன்றி சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். கால்பந்திலும் அதே உணர்வுதான். 1958 உலகக் கோப்பையில் காலிறுதி வரை போய், பெலே அடித்த ஒரே கோலில் தோற்றவர்கள். அடுத்த பெரிய போட்டிக்கு 2016 வரை காத்திருந்தார்கள். அந்த யூரோவில் அரையிறுதியைத் தொட்டார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை கலந்த வாளி வடிவத் தொப்பியோடு திரிவார்கள், பையனுக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் கொடுத்தால் நல்லது. கோட்டை வேண்டும்தான், ஆனால் நான் உங்களை முதலில் அனுப்புவது பிளெனாவன் ஊரில் உள்ள பிக் பிட் நிலக்கரிச் சுரங்கத்துக்கு. அருங்காட்சியக நுழைவு இலவசம், சுரங்கத்துக்குள் இறங்கக் கட்டணம் உண்டா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். தலையில் விளக்கோடு தொண்ணூறு மீட்டர் கீழே இறக்கிக் காட்டுவார்கள், முன்பு சுரங்கங்களில் வேலை பார்த்த தொழிலாளர்கள் கூட்டிப்போவார்கள். இந்த நகரம் ஏன் உண்டானது என்பது அங்கே போனால்தான் புரியும். அந்தக் கரியை ஏற்றிய துறைமுகம்தான் இன்றைய கார்டிஃப் வளைகுடா. சோமாலியா, ஏமன் என்று எங்கெங்கிருந்தோ வந்த மாலுமிகள் குடியேறிய டைகர் பே அங்கேதான் இருந்தது. 2017-இல் அந்த நீரின் மேல் மிதக்கும் கால்பந்துத் திடல் ஒன்று போட்டிருந்தார்கள். கேத்தேஸ் பூங்காவில் உள்ள தேசிய அருங்காட்சியகமும் செயின்ட் ஃபேகன்ஸ் திறந்தவெளி அருங்காட்சியகமும் இலவசம்தான். கேர்ஃபிலி கோட்டைக்கு ரயிலில் இருபது நிமிடம், சாய்ந்த கோபுரம் ஒன்று இருக்கிறது.

எல்லாம் செய்தும் டிக்கெட் கிடைக்கவில்லை என்றால் வரலாமா என்று உங்கள் மனைவி கேட்டதாக எழுதியிருந்தீர்கள். வரலாம். பெரிய திரை வைத்த ரசிகர் திடல் ஊரில் எங்காவது இருக்கும். ஆனால் அதைவிட நல்ல இடம் ஒன்று சொல்கிறேன். அரங்கத்துக்கு நேர் எதிரே, ஆற்றுக்கு அந்தக் கரையில், ஃபிட்ஷாமன் எம்பேங்க்மென்ட் என்ற தெரு இருக்கிறது. ஒரு பக்கம் பழைய வீடுகள், ஒரு பக்கம் கைப்பிடிச் சுவர், நடுவில் டாஃப் ஆறு, அதற்கு மேல் அரங்கம். 2017-இல் நான் அங்கேதான் நின்றேன். கூரை மூடியிருந்தது, உள்ளே எதுவும் தெரியவில்லை. ஒவ்வொரு கோலுக்கும் முதலில் சத்தம் ஆற்றின் மேல் வந்து விழுந்தது, யார் அடித்தது என்பது பக்கத்தில் நின்றவரின் செல்பேசியில் பிறகுதான் தெரிந்தது.